விஜி அடித்த முதல் பிரைமர்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் விஜிக்கு நெருப்பைக் கண்டால் பயம் கிடையாது. எனக்கு உண்டு. அவளுக்கு இருந்த பயம் வேறு. அந்தப் பயத்துக்குள் என் தப்பும் ஒன்று கலந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிச் சொன்னால் சரியாக இருக்காது.

என் பெயர் டோரீன். ஜோகுபாளையத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு. கீழே நான் ஒருத்தி, மேலே விஜியும் அவள் புருஷன் நாராயணசாமியும், அதற்கும் மேலே மொட்டை மாடி. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மூச்சுக்குத் திண்டாடுகிறவர்களின் கட்டிலருகே நின்று நின்று எனக்குப் பயம் பழகிப் போகவில்லை, கூடித்தான் போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் தங்கை கேலி செய்வாள். வார்டில் ஒரு நாள் நின்றிருந்தால் அவளுக்குத் தெரியும்.

விஜி இதே சந்தில் பிறந்து வளர்ந்தவள். வயது நாற்பத்து மூன்று. பத்தாவது தவறியதும் துணிக் கம்பெனிக்குப் போனாள், அது மூடியதும் பழைய மெட்ராஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஷெட்டில் சேர்ந்தாள். பதினான்கு வருஷம் ஆகிறது. பழைய ஜீப்புக்கும் காருக்கும் அங்கே ஃபைபரில் பானட், பம்பர், கதவு எல்லாம் செய்கிறார்கள். அச்சுக்குள் கண்ணாடி நாரை விரித்து, அதன்மேல் ரெசின் பிசினைத் தடவி, உள்ளே காற்று நிற்காமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுப்பது அவள் வேலை. நார் தோலில் ஏறினால் அரிப்பு தாங்காது. வெந்நீர் பட்டால் இன்னும் உள்ளே போகும் என்று டிசம்பர் குளிரிலும் பச்சைத் தண்ணீரில்தான் கையைக் கழுவுவாள். தன் துணியைப் புருஷன் துணியோடு சேர்த்து ஒரு நாளும் துவைத்ததில்லை. பேச்சு குறைவு. மூன்று கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதையும் படியிறங்கிக்கொண்டே சொல்வாள்.

நாராயணசாமி அதற்கு நேரெதிர். இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர், ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் நடந்த கதையெல்லாம் கைவசம் வைத்திருப்பார். கொரோனா வந்து போன பிறகு அவருடைய நுரையீரல் பாதி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. காரை விற்றார்கள். இப்போது பத்தடி நடந்தால் ஒரு இடத்தில் உட்கார வேண்டும், கதை சொல்வதென்றாலும் இடையிடையே நிறுத்த வேண்டும்.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஈஜிபுராவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். விஜி வேலையிலிருந்து திரும்பியபோது அவர் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ, அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பிறகு விஜி வேலைக்குப் புறப்படும் நேரத்தைப் பார்க்க எனக்கே சகிக்காது. கேட் வரை போவாள், திரும்பி மேலே வருவாள், அவர் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு மறுபடி போவாள்.

வேலையை விட்டால் மருந்து கிடையாது. வேலைக்குப் போனால் ஆள் தனியாகக் கிடப்பார். அதற்கு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அச்சு வேலையை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் செய்து முடித்த பாகங்களுக்குப் பிரைமர் அடிக்கிற வேலையை வீட்டுக்கு வாங்கி வரலாம். பெயின்ட் ஒட்டுவதற்கு முன்னால் அடிக்கிற சாம்பல் நிற முதல் பூச்சுதான் பிரைமர். ஷெட்டில் லாயிட் என்ற ஒரே ஒரு பெயின்டர், அவனால் அடித்து மாளவில்லை. முதலாளி ஷ்ரேயாஸ் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. திங்கட்கிழமைக்குள் ஒரு பானட்டை ஒழுங்காக அடித்துக் கொண்டு வா, சரியாக இருந்தால் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். பழைய கம்ப்ரஸர் ஒன்றும் ஸ்பிரே கன் ஒன்றும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

 பிரைமர் இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனர் மூச்சுக்கு எமன் என்று லாயிட்டே அவளிடம் சொல்லியிருக்கிறான். நல்ல நெஞ்சுள்ளவனே மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் கொண்டு வருகிற வேலையே அவரைக் கொன்றுவிட்டால்? வாய்விட்டே கேட்டேன். நான் பூசி மெழுகிப் பேசுகிறவள் இல்லை.

"அந்தப் பயம் எனக்கு இல்லன்னு நெனச்சீங்களா ஆன்ட்டி?" என்றாள். "ரெண்டு பயத்துல, நான் பக்கத்துல இருக்கற பயத்தை எடுத்துக்கறேன்."

 சட்டம் போட்டேன். அடிக்கிற நேரத்தில் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். அவள் சாமி விளக்கும் எரியக் கூடாது, என் மாதா முன்னால் மெழுகுவர்த்தியும் எரியக் கூடாது. நாராயணசாமி கீழே என் பின்னறையில் இருக்க வேண்டும், ஜன்னலெல்லாம் சாத்தி, கதவுக்கடியில் ஈரத்துண்டு வைத்து. ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் புகை அந்த அறைப் பக்கம் வரும், அன்றைக்கு வேலை கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காற்று பார்க்கக் கொடிக்கயிற்றில் ஒரு ரிப்பனும் கட்டினாள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட்டால் ஒரு கூடாரம் எழும்பியது. முதல் மூன்று நாள் கன்னில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சுவரில் அடித்தாள். பதினான்கு வருஷமாகத் தூரத்திலிருந்து லாயிட்டின் கையையே பார்த்தவள், ஆனால் பார்ப்பது வேறு பிடிப்பது வேறு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டே போனால் ஒழுகும். தள்ளிப் போனால் பூச்சு காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று உட்காரும். ஓரத்துக்கு முன்னாலேயே விசையை அழுத்தி, ஓரத்தைத் தாண்டிய பிறகே விட வேண்டும். நடுவில் கை நின்றால் கோடு விழும். ராத்திரி தூக்கத்திலும் அவள் கை இடமும் வலமும் போகிறது என்று நாராயணசாமி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நாலாம் நாள் உடைந்த பம்பர் ஒன்றில் நிஜப் பிரைமர் அடித்தாள். இரண்டு கன்னத்திலும் டப்பா வைத்த மாஸ்க், கண்ணாடி, கையுறை. அந்தக் கோலத்தில் படியிறங்கி வந்தவளைப் பார்த்து நான் ஏசுவே என்று சொல்லிவிட்டேன். பம்பர் முழுக்க ஒழுகியிருந்தது. எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தாள். அதற்கடுத்த தடவை ஒழுகவில்லை.

வெள்ளிக்கிழமை பானட் வந்தது. ஒரு பழைய ஜீப்புக்கானது, கருப்பு நிறம். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருந்த மெழுகு போகச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, தன்னுடைய பழைய அரக்குச் சேலையால் மூடிக் கூடாரத்துக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை பிரைமரை இளக்குகிற தின்னரும் வடிகட்டியும் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை மேலே போய் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினாள். பத்தரைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து மொபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சர்ச்சுக்குப் பூ கட்ட இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் கை பூவிலும் புத்தி ஊர் வம்பிலும் போய்விட்டது. நினைவு வந்து ஓடியபோது பன்னிரண்டரை.

கட்டில் விளிம்பில் முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் புதிதாக வைத்த குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். எண்பத்து நாலு.

 மருந்தை ஊற்றி மூச்சு மெஷினை முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டே எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். நாற்பது நிமிஷம் கழித்துத் தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பாத்ரூம் போனேன் என்றார். பாத்ரூமுக்குப் போனவர் இப்படி ஆவதில்லை. எனக்குத் தெரியும், ஆனால் மேலே கேட்கவில்லை.

"விஜிகிட்ட சொல்லிடாதீங்கம்மா," என்றார். "சொன்னா நாளைக்கு அந்த பானட்டத் தொடவே மாட்டா."

சரி என்றேன். அவளுக்காகத்தான் சரி என்றேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பொய். இரண்டு மணி நேரம் அவரைப் பார்க்காமல் விட்டது வெளியே தெரியக் கூடாது, அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை நான் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன். பத்தரை மணிக்கு மொட்டை மாடியின் ஈரமெல்லாம் காய்ந்து, ரிப்பனும் ரோட்டுப் பக்கம் பார்த்தது. நாராயணசாமியைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டு வந்து என் பின்னறையில் விட்டுவிட்டு விஜி மேலே போனாள். ஈரத்துண்டு, ஜன்னல், சிலிண்டர் எல்லாம் சரி பார்த்தேன். கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. தொட்டியில் உட்கார்ந்திருந்த புறாக்களெல்லாம் பறந்துபோயின. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் நின்றது. மறுபடி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. லாயிட் சொன்ன கணக்குப்படி இது அதிகம். அப்புறம் வாசலில் விஜி வந்து நின்றாள். மாஸ்க்கைக் கழற்றியிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குக் கேட்காமல், மேலே வாங்க ஆன்ட்டி என்றாள்.

கூடாரத்தின் ஷீட்டை விலக்கிக் காட்டினாள். சாம்பல் நிறப் பானட் நல்ல வழவழப்பாக, ஒழுகல் இல்லாமல் இருந்தது. ஆனால் நட்ட நடுவில் வட்டமாக ஒரு சிவப்பு. மேலே யாரும் எதையும் சிந்தியதாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஊறி வந்த மாதிரி இருந்தது. வார்டில் எச்சில் கிண்ணத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறேன். 

"மூணு தடவ அடிச்சிட்டேன்," என்றாள். "தேய்ச்சிட்டு அடிச்சாலும் வருது. அடிக்க அடிக்க மேல வருது." கன்னைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு என்னமோ ஆவப் போவுது ஆன்ட்டி. எனக்குக் காட்டுது," என்றாள்.

சகுனம் பார்ப்பது பாவம் என்று சொல்ல வேண்டியவள் நான். நேற்றைய எண்பத்து நாலுதான் நினைவுக்கு வந்தது. இந்த வேலையே வேண்டாம், மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் கன்னைக் கழற்ற ஆரம்பித்தாள். நான்தான் லாயிட்டுக்குப் போன் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் கையுமாக இருந்தவன் மூன்றாவது தடவைதான் எடுத்தான். கேட்டுவிட்டுச் சிரித்தானாம். அடியில் ஏதோ சாயம் இருக்கிறது, தின்னர் பட்டால் கரைந்து மேலே ஏறும், எத்தனை பூச்சு அடித்தாலும் ஏறும். அடியோடு எடுக்க வேண்டும். அடிக்கும் முன்னால் எந்தத் துணியால் துடைத்தாய் என்று கேட்டான். ஷெட்டில் கொடுத்த கலர் வேஸ்ட் துணி என்றாள். அதனால்தான் தெரியவில்லை, எப்போதும் வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும் என்றான்.

என் பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். தின்னரில் நனைத்து அந்த இடத்தைக் கருப்பு தெரியும் வரை துடைத்தாள். துணி சிவந்தது. இன்னொரு துண்டும் சிவந்தது. நாலாவது துண்டுதான் வெள்ளையாகவே வந்தது.

மூலையில் மடித்துப் போட்டிருந்த அரக்குச் சேலையை அவள் எடுத்துப் பிரித்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. சேலையின் நடுவில் எண்ணெய்க் கறை ஒன்று வட்டமாக இருந்தது. அதை மூக்கருகே கொண்டு போனாள். எனக்கும் நீட்டினாள். தேங்காய் எண்ணெய். அதில் குழைத்த குங்குமம். சேலை ஒற்றியெடுத்தது போக மிச்சம் இருந்த சாயம் பானட்டின் கருப்பில் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாராயணசாமி கார் வைத்திருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பானட்டின் நடுவில் பொட்டு வைப்பார். குங்குமத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, மோதிர விரலால் வைப்பார். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விஜி மாடிப்படியைப் பார்த்தாள். அவர்கள் வாசலிலிருந்து மொட்டை மாடிக்குப் பதினேழு படி.

கீழே வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எப்படி ஏறினீங்க?" என்றாள்.

"உக்காந்து உக்காந்து," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "நீ பயந்துகினே இருந்த. நானும் இருவது வருசம் ஓட்னேன், பொட்டு வெக்காத வண்டிய நான் எடுத்ததே இல்ல. அதான்."

எப்போது ஏறினீர்கள் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏசுவின் படத்தைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். பூ கட்டியதையும், இரண்டு மணி நேரத்தையும், எண்பத்து நாலையும், மறைத்ததையும். சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் ஒரு பக்கம்.

விஜி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உங்கள நம்பித்தான் ஆன்ட்டி நான் மேல மெஷின ஆன் பண்றேன்," என்றாள். அவ்வளவுதான்.

எழுந்து கதவருகே போய், அங்கே நின்றபடியே ஒரு ஏற்பாடு சொன்னாள். ஒவ்வொரு பூச்சுக்கு முன்னாலும் நான் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, படிக்கடியில் வந்து நின்று எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். பெரிய பாகம் என்றால் பாதியில் இன்னொரு தடவையும். எண் காதில் விழுந்த பிறகுதான் அவள் விசையை அழுத்துவாள். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அப்படியே நிறுத்திவிடுவாள். அன்றைக்குத் தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று ஒன்று, மறுபடி தொண்ணூற்று இரண்டு என்று மூன்று தடவை கத்தினேன். சந்தில் போகிறவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிவப்பு வரவில்லை.

திங்கட்கிழமை ஷ்ரேயாஸ் பானட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கையால் தடவினார், அடுத்த வாரமே இரண்டு கதவுகளை அனுப்பிவிட்டார். நாலு மாதம் ஆகிறது. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் விஜி முதலில் புருஷன் கட்டிலுக்குக் கொண்டு போகிறாள். அவர் அதன் உள்பக்கத்தில், பிரைமர் படாத இடத்தில், பொட்டு வைக்கிறார். மொட்டை மாடிச் சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் இல்லை. அதைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை ஒரு பெரிய பானட். பாதி அடித்திருந்தாள். மெஷினை நிறுத்தாமலே மேலேயிருந்து எண் கேட்டாள். ஆக்சிமீட்டரைப் பார்த்தேன். எண்பத்தேழு. நாராயணசாமியும் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூறுன்னு சொல்லுங்கம்மா," என்றார். "பாதியில நிறுத்துனா கோடு விழும்."

அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் படிக்கடியில் போய் நின்றேன்.

"எண்பத்தேழு," என்று கத்தினேன்.

மேலே மெஷின் நின்றது.